தோட்டத்து அறைக்கு இணையம்: செம்புக் கம்பியா, கண்ணாடி இழையா?

என் தாய்மாமா வீடு சிலேத்தார் ஹில்ஸ் பக்கம் இருக்கும் பழைய தரைவீடு. பின்னால் மாமரத்தைத் தாண்டி, மதிலை ஒட்டி, தனியாக ஓர் அறை உண்டு. பல வருடம் பழைய சாமான் போட்டு வைத்திருந்த இடம் அது. மாமி அதைக் காலி செய்து, வெள்ளையடித்து, மேசை நாற்காலி போட்டு, தமிழ் துணைப்பாட வகுப்பு நடத்தத் தொடங்கினார். மூன்று பிள்ளைகள் நேரில் வருவார்கள், மற்ற பிள்ளைகள் காணொளி வழியாகச் சேர்ந்துகொள்வார்கள். கூடத்தில் நன்றாக ஓடும் இணையம் அந்த அறைக்குப் போனதும் மூச்சுத் திணறியது. மாமி ஒரு சொல்லைச் சொல்லத் தொடங்கினால் முதல் எழுத்து மட்டும் போய்ச் சேரும், மீதிக்குத் திரை உறைந்து நிற்கும்.

"தம்பி, பத்து ஜிகாபிட் திட்டத்துக்கு மாத்திட்டா சரியாப் போயிடுமா?" என்று மாமா கேட்டார்.

ஆகாது. இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவது நல்லது, ஏனென்றால் பலர் பணத்தை இங்கேதான் வீணாக்குகிறார்கள். தொட்டி நிறைய தண்ணீர் இருக்கிறது, தோட்டத்துக் குழாயில் மட்டும் சொட்டுச் சொட்டாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியைப் பெரிதாக்கினால் குழாயில் தண்ணீர் கூடாது. தொட்டிக்கும் தோட்டத்துக்கும் நடுவில் இருக்கும் குழாயைத்தான் பார்க்க வேண்டும். இணைய நிறுவனத்துக்கு மாதாமாதம் கட்டும் பணம் தொட்டிக்கு. பின் அறைக்குப் போகும் வழி உங்கள் பொறுப்பு.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்க் குடும்பங்களில் தரைவீடுகளில் வசிப்போர் 5 விழுக்காடுதான். அதனால் இந்தச் சிக்கல் எல்லாருக்கும் வருவதில்லை. ஆனால் வந்தவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. அலுவலகக் கட்டடங்களில் நெட்வொர்க் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நெட்வொர்க் பற்றி எதுவும் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

வைஃபை ஏன் அங்கே தோற்றுப்போகிறது

வைஃபை என்பது வானொலி அலை. அது கூடத்திலிருந்து கிளம்பி சமையலறைச் சுவர், பின்சுவர், இரும்புக் கதவு, மாமரத்து இலை, அப்புறம் அறையின் சுவர் என்று ஒவ்வொன்றாகக் கடந்து போக வேண்டும். ஒவ்வொரு தடையிலும் கொஞ்சம் பலம் போய்விடும். கான்கிரீட்டும் அதற்குள் இருக்கும் இரும்புக் கம்பியும் அலையை அதிகம் தின்றுவிடும். வேகமாக ஓடும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குச் சுவரைத் துளைக்கும் வலு குறைவு. சுவரைத் தாண்டக்கூடிய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேகமும் குறைவு, அக்கம்பக்கத்து வீடுகளின் நெரிசலும் அதிகம்.

நடுவில், வைஃபை அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் மெஷ் கருவி ஒன்றை வைத்தால் நிலைமை கொஞ்சம் தேறும். ஆனால் அது கேட்டதைத்தான் திருப்பிச் சொல்லும். அதன் காதுக்கே அரைகுறையாக வந்தால் மறுபக்கம் போவதும் அரைகுறைதான். மின்கம்பி வழியாக இணையத்தை அனுப்பும் பவர்லைன் கருவிகளும் உண்டு. பின் அறைக்குத் தனி மின்பெட்டி இருந்தால் அவை பெரும்பாலும் சோர்ந்துவிடும். தற்காலிகத்துக்குப் பரவாயில்லை. இரண்டு கட்டடங்களும் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும்படி இருந்து, நடுவில் மரம் இல்லாவிட்டால், கூரையோரம் இரண்டு ஆன்டெனாக்கள் வைத்து இணைப்பதும் நன்றாகவே வேலை செய்யும். தோண்டவே வழியில்லாதவர்களுக்கு அது. தோண்ட முடியும் என்றால் ஒரு கேபிள் போட்டுவிடுங்கள். பிறகு பல வருடங்களுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்காது.

ஒரே வீடு, ஒரே ரவுட்டர்

கேபிளுக்குப் போவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பின் அறைக்கு இணையம் கொண்டுபோவது என்றால் அங்கே இரண்டாவது இணையம் வாங்குவது என்று அர்த்தமில்லை. இருக்கிற வலையமைப்பின் கையை நீட்டிவிடுகிறோம், அவ்வளவுதான்.

சிங்கப்பூர் வீடுகளில் இணையம் வரும் பாதையைப் பார்த்தால் இது புரியும். தெருவிலிருந்து நெட்லிங்க் டிரஸ்ட்டின் கண்ணாடி இழை ஒன்று வீட்டுக்குள் வந்து, சுவரில் இருக்கும் ஒரு சிறு வெள்ளைப் பெட்டியில் முடியும். அதிலிருந்து ஒரு மெல்லிய இழை ஓஎன்டி என்ற கருவிக்குப் போகும். ஒளியாக வந்த தகவலை மின்குறிப்பாக மாற்றுவது அதன் வேலை. அங்கிருந்து ரவுட்டர். ரவுட்டர்தான் வீட்டுத் தலைவாசல் காவலர் மாதிரி. உள்ளே இருக்கும் ஒவ்வொரு கைப்பேசிக்கும் கணினிக்கும் அச்சுப்பொறிக்கும் ஒரு முகவரி கொடுத்து, வெளியே போவதையும் உள்ளே வருவதையும் பிரித்து அனுப்பும்.

அந்தச் சுவர்ப் பெட்டியிலிருந்து நாமே பின் அறைக்கு இழுத்துவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. அதுவரை வருவது உங்கள் சொத்து இல்லை. நாம் எடுக்க வேண்டியது ரவுட்டரின் பின்புறம் லேன் என்று எழுதியிருக்கும் துளையிலிருந்து. அதிலிருந்து கிளம்பும் கேபிள் தோட்டத்து அறைக்குப் போய் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச்சில் சேரும். அது விளக்குப் போடும் ஸ்விட்ச் இல்லை, ஒரு கேபிளைப் பல கிளைகளாகப் பிரித்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி. ஒரு கிளை மாமியின் கணினிக்கு, இன்னொன்று வைஃபை பரப்பும் அக்சஸ் பாயின்ட்டுக்கு.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரை எடுத்துப் பின் அறையில் மாட்டுகிறவர்கள் நிறைய பேர். தவறில்லை, ஆனால் அதன் அமைப்புக்குள் போய் அக்சஸ் பாயின்ட் நிலைக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் ஒரே வீட்டுக்கு இரண்டு தலைவாசல், இரண்டு காவலர் என்று ஆகிவிடும். பின் அறை தனி வீடாகப் பிரிந்துவிடும். இணையம் ஓடும், ஆனால் கூடத்தில் இருக்கும் அச்சுப்பொறி அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது, சில காணொளி அழைப்புகளும் விளையாட்டுகளும் இடறும். என்னிடம் உதவி கேட்டு வருகிறவர்களிடம் அடிக்கடி பார்க்கும் கோளாறு இது. சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். இரண்டு இடத்திலும் வைஃபைக்கு ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் கொடுத்துவிடுங்கள். தோட்டத்தில் நடந்து போகும்போது கைப்பேசி தானாகவே பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும்.

செம்புக் கேபிள்: முதலில் எல்லாரும் நினைப்பது

சரி, இப்போது கேபிள். கணினிக் கடையில் கேபிள் வேண்டும் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது ஈதர்நெட் செம்புக் கேபிள். அதற்குள் எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு இணைகள். ஒவ்வோர் இணையிலும் ஒரு கம்பியில் போகும் குறிப்பு மற்றதில் தலைகீழாகப் போகும். வெளியிலிருந்து ஏதாவது மின் இரைச்சல் வந்து தாக்கினால், முறுக்கியிருப்பதால் இரண்டு கம்பியையும் ஏறக்குறைய ஒரே மாதிரி தாக்கும். மறுமுனையில் இருக்கும் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படிப்பதால் இரைச்சல் கழிந்துபோகும். எளிமையான, அழகான யோசனை.

இந்தக் கேபிள் 100 மீட்டர் வரைதான் உத்தரவாதம். அதற்கு மேல் குறிப்பு நலிந்துவிடும். நம் ஊர்த் தரைவீடு எதிலும் அவ்வளவு நீளம் வராது, ஆகவே தூரம் பிரச்சினை இல்லை. வகைகளைப் பொறுத்தவரை, கேட் 5இ கேபிளே 1 ஜிகாபிட் வேகத்தை 100 மீட்டர் வரை தாங்கும். கேட் 6 என்றால் 10 ஜிகாபிட்டை 55 மீட்டர் வரை, கேட் 6ஏ என்றால் அதே வேகத்தை முழு 100 மீட்டருக்கும்.

வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் சில கேபிள்களில் இருப்பது முழுச் செம்பு கிடையாது, அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு. கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் பளிச்சென்று தெரியும். எளிதில் ஒடியும், மின்தடையும் அதிகம், இந்தத் தரவகைகளின் விதிகளுக்குள் அது வரவே வராது. யாராவது அதைத் தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒரே கட்டடத்துக்குள் கூடத்திலிருந்து மாடிக்கு இழுக்க வேண்டுமா, செம்பு போதும். வேறு யோசனையே தேவையில்லை. கட்டடத்தை விட்டு வெளியே போய் இன்னொரு கட்டடத்துக்குள் நுழையும்போதுதான் கணக்கு மாறுகிறது.

அந்தச் சாயங்காலம்

மாமா முதலில் ஒரு குத்தகையாளரைக் கூப்பிட்டுச் செம்புக் கேபிள்தான் போட்டார். மதில் ஓரமாகவே கிளிப் அடித்து இழுத்து, அழகாகத்தான் முடித்துக் கொடுத்தார்கள். ஏழு மாதம் ஒரு குறையும் இல்லை. மாமி வகுப்பு சீராகப் போனது.

ஏப்ரலில் ஒரு சாயங்காலம், மழை இன்னும் விழவே இல்லை, பக்கத்தில் எங்கோ ஓர் இடி. வீட்டின் மேலே விழவில்லை, மரத்திலும் விழவில்லை. ஆனால் தோட்டத்து அறையில் இருந்த ஸ்விட்ச் செத்துவிட்டது. கூடத்தில் ரவுட்டரின் லேன் துளைகளில் இரண்டு செத்துவிட்டன. அதில் செருகியிருந்த தொலைக்காட்சிப் பெட்டியும் போனது. மாமி அப்போது அந்தக் கேபிள் செருகியிருந்த மடிக்கணினியை மூடிவிட்டுச் சாமி விளக்கு ஏற்ற உள்ளே வந்திருந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

இடி நேராக விழாமல் இது எப்படி நடந்தது? இதைப் புரிந்துகொண்டால் இந்தக் கட்டுரையின் முக்கால்வாசி முடிந்தது.

ஒவ்வொரு கட்டடத்திலும் மின்கருவிகளின் எர்த் மண்ணோடு சேர்ந்திருக்கும். மண் என்றால் எல்லா இடத்திலும் ஒரே மின்னழுத்தம், பூஜ்யம், என்று நாம் பள்ளியில் படித்திருப்போம். சாதாரண நாளில் அது ஏறக்குறைய சரி. ஆனால் மின்னல் விழும்போது பல ஆயிரம் ஆம்பியர் மின்சாரம் ஒரே இடத்தில் மண்ணுக்குள் இறங்குகிறது. 30,000 ஆம்பியர் என்பது மின்னலுக்கு வழக்கமான அளவுதான். மண்ணின் தடை வெறும் 1 ஓம் என்று வைத்துக்கொண்டாலும், பெருக்கிப் பாருங்கள், அந்த இடத்தில் மண்ணின் மின்னழுத்தம் 30,000 வோல்ட் ஏறும். குளத்தில் கல் போட்டதுபோல, விழுந்த இடத்தில் உயரம், தள்ளிப் போகப் போகத் தாழ்வு. மின்னலுக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டடத்தின் எர்த் மேலே எகிறும். முப்பது மீட்டர் தள்ளி இருக்கும் கட்டடத்தின் எர்த் அந்த அளவுக்கு எகிறாது. ஒரு கணத்துக்கு இரண்டு கட்டடங்களுக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம்.

அந்த வித்தியாசம் சமமாக ஒரு வழியைத் தேடும். நடுவில் ஒரு செம்புக் கம்பி தயாராகக் கிடக்கிறது.

ஈதர்நெட் துளைக்குள் மின்சாரம் நேராகப் பாயாதபடி ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அது 1,500 வோல்ட் தாங்க வேண்டும் என்பது விதி. அன்றாட விபத்துக்கு அது போதும், மின்னலுக்கு முன்னால் ஒன்றுமில்லை. போதாததற்கு, வெளியில் நீளமாகக் கிடக்கும் கம்பி ஆன்டெனா மாதிரியும் வேலை செய்யும். பக்கத்தில் மின்னல் வெட்டினாலே அதன் காந்தப்புலம் கம்பிக்குள் ஒரு மின்னதிர்ச்சியைத் தூண்டிவிடும்.

குளிர்நாட்டில் உட்கார்ந்துகொண்டு, இதெல்லாம் எப்போதாவது நடப்பது என்று சொல்லலாம். நாம் சொல்ல முடியாது. உலகிலேயே மின்னல் அதிகம் வெட்டும் இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. ஆண்டில் 160 நாளுக்கும் மேல் இங்கே இடி இடிக்கிறது. ஏப்ரல், மே, நவம்பர் மாதங்களில் அதிகம். விடியற்காலையில் வீட்டையே உலுக்கிவிட்டுப் போகும் சுமத்ரா சூறைக்காற்றைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: இந்த ஊரில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே புதிதாகச் செம்புக் கேபிள் போடாதீர்கள். கண்ணாடி இழை போடுங்கள்.

ஏற்கெனவே செம்பு போட்டுவிட்டவர்கள் பதற வேண்டாம். மின்னல் தடுப்பான் என்பது கம்பியில் வரும் மின்னதிர்ச்சியை மண்ணுக்குத் திருப்பிவிடும் சிறு கருவி. இரண்டு முனையிலும் அதை முறையாக எர்த் செய்து வைத்தால் ஆபத்து குறையும், முழுக்கப் போய்விடாது. அதுவரை, வானம் கறுத்தால் இரண்டு முனைகளையும் கழற்றிவிடுங்கள். வானம் இடித்துக்கொண்டிருக்கும்போது போய்க் கழற்றாதீர்கள், அந்த நேரத்தில் அந்தக் கம்பியைத் தொடவே கூடாது.

கண்ணாடி ஏன் தப்பிக்கிறது

ஃபைபர் என்று நாம் சொல்லும் கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது, ஒளி போகும். ஒருமுனையில் மிகச் சிறிய லேசர் ஒன்று ஒரு நொடிக்குப் பல கோடி முறை மின்னி மின்னி அணையும். மறுமுனையில் இருக்கும் கண் அதைப் பார்த்துப் படிக்கும். இழையின் நடுவில் இருக்கும் கண்ணாடியும் அதைச் சுற்றியிருக்கும் கண்ணாடியும் சற்றே வேறுபட்டவை. அதனால் ஒளி ஓரத்தில் பட்டாலும் வெளியே கசியாமல் உள்ளேயே திரும்பி ஓடும். கண்ணாடிக்கு எர்த் கிடையாது, மின்னல் தெரியாது. இரண்டு கட்டடங்களின் மண்ணும் எவ்வளவு மாறுபட்டாலும் அந்த வழியாக ஒரு சொட்டு மின்சாரம் கடக்காது.

இழையில் இரண்டு வகை உண்டு. மல்டிமோட் இழையின் ஒளி செல்லும் நடுப்பகுதி இப்போது பெரும்பாலும் 50 மைக்ரான் தடிமன் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சிங்கிள்மோட் இழையில் அது ஏறக்குறைய 9 மைக்ரான்தான். முன்பு சிங்கிள்மோட் கருவிகள் விலை அதிகம் என்பதால் குட்டைத் தூரத்துக்கு மல்டிமோட் போடுவார்கள். இப்போது வீட்டு அளவில் விலை வித்தியாசம் பெரிதில்லை. சிங்கிள்மோட் எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு 1 ஜிகாபிட், நாளைக்கு 10 ஜிகாபிட், அதற்கு அப்புறம் வரப்போவது எதுவானாலும் முனைகளில் இருக்கும் கருவிகளை மாற்றினால் போதும். மண்ணுக்குள் இருக்கும் கண்ணாடியைத் தொட வேண்டியதில்லை.

2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் ஐடுஐ என்ற வடம் போட்டார்கள், ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர் நீளம். அந்த மாதிரிக் கடல் வடங்களுக்குள் இருப்பதும் சிங்கிள்மோட் கண்ணாடி இழைதான். ஊரில் இருக்கும் தங்கையோடு மாமி பேசும் குரல் கடலுக்கு அடியில் போகிற அதே வகைக் கண்ணாடி, இப்போது மாமரத்துக்கு அடியிலும் போகிறது. எனக்கு இது எப்போது நினைத்தாலும் மகிழ்ச்சி தருகிற விஷயம்.

என்னென்ன வாங்க வேண்டும்

பட்டியல் நீளமில்லை. ஒரு ஃபைபர் கேபிள், இரண்டு மீடியா கன்வர்ட்டர்கள், இரண்டு முனையிலும் ஒவ்வொரு சிறு ஈதர்நெட் கேபிள், பின் அறைக்கு ஒரு ஸ்விட்ச், ஓர் அக்சஸ் பாயின்ட். மீடியா கன்வர்ட்டர் என்பது ஒருபக்கம் ஈதர்நெட் துளையும் மறுபக்கம் ஃபைபர் துளையும் உள்ள கைக்கடக்கமான பெட்டி. கூடத்தில் ஒன்று மின்குறிப்பை ஒளியாக்கும், தோட்டத்து அறையில் மற்றது ஒளியை மறுபடி மின்குறிப்பாக்கும். உங்கள் ஸ்விட்ச்சிலேயே எஸ்எஃப்பி என்ற, ஒளிமுனை செருகும் துளை இருந்தால், விரல் நீளத்துக்கு ஒரு ஒளிமுனையை அதில் செருகிவிடலாம், கன்வர்ட்டர் தேவையில்லை.

எஸ்எஃப்பி முனைகளை வாங்கும்போது அவை இரண்டும் ஒன்றோடொன்று பேசக்கூடியவையா என்று பார்க்க வேண்டும். ஒரே வேகம், ஒரே இழை வகை, ஒரே ஒளி அலைநீளம். ஒற்றை இழையிலேயே போகவும் வரவும் செய்யும் வகை ஒன்று உண்டு. அதில் மட்டும் இரண்டு முனையும் ஒன்றாக இருக்கக் கூடாது, ஜோடியாக வாங்க வேண்டும். ஒன்று எந்த அலைநீளத்தில் பேசுகிறதோ, மற்றது அந்த அலைநீளத்தில் கேட்க வேண்டும்.

கேபிளை ஆலையிலேயே முனை பொருத்தி வாங்குங்கள். இழையை ஒட்டுவதற்குத் தனி இயந்திரமும் பயிற்சியும் வேண்டும், வீட்டு வேலைக்கு அது அவசியமில்லை. பாதையைக் கயிற்றால் அளந்து, சில மீட்டர் கூடுதலாகச் சொல்லுங்கள். மிச்சத்தைச் சுருட்டி வைக்கலாம், குறைந்தால் ஒட்ட முடியாது. இரண்டு இழை போதும் என்றாலும் நான்கு இழை உள்ளதாக எடுங்கள், விலை கொஞ்சம்தான் கூடும், ஒன்று பழுதானால் மாற்று இருக்கும். வெளியில் போடத் தகுந்த உறை இருக்க வேண்டும். முக்கியமாக, உள்ளே இரும்புக் கவசமோ உலோகக் கம்பியோ இல்லாத கேபிளாகக் கேளுங்கள். மின்னலுக்குப் பயந்து கண்ணாடி போட்டுவிட்டு அதற்கு இரும்புச் சட்டை மாட்டினால், விரட்டிய சிக்கலைத் திரும்ப உள்ளே அழைத்த மாதிரி ஆகும். எலி கடிக்காமல் காக்கக் குழாயே போதும்.

முனைகளின் நிறத்தைக் கவனியுங்கள். பச்சை முனையும் நீல முனையும் ஒன்றோடொன்று சேராதவை, கண்ணாடியைச் சீவிய கோணம் வேறு. மீடியா கன்வர்ட்டர்களும் எஸ்எஃப்பிகளும் பெரும்பாலும் நீல முனை வகை.

மாமாவும் நானும் ஒரு சனிக்கிழமை சிம் லிம் டவருக்கும் எதிரே சிம் லிம் ஸ்குவேருக்கும் நடந்து, பாதியை அங்கே வாங்கினோம். அப்படியே தேக்கா பக்கம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். கேபிளை மட்டும் நீளம் சொல்லி இணையத்தில் வரவழைத்தோம். எல்லாம் சேர்த்து ஒரு நல்ல வைஃபை ரவுட்டரின் விலைக்குள் அடங்கியது. அந்த இடியில் போன பொருட்களின் விலை அதைவிட அதிகம்.

குழாய்தான் முதலீடு

கேபிளைவிட நான் அதிகம் யோசித்தது குழாயைப் பற்றி. கேபிளை அப்படியே மண்ணில் புதைக்காதீர்கள், பிவிசி குழாய்க்குள் விடுங்கள். 25 அல்லது 32 மில்லிமீட்டர் குழாய் போதும், முனை பொருத்திய கேபிள் தாராளமாக நுழையும். எங்கள் குழாய் ஒன்றரை அடி ஆழத்தில் போனது, மண்வெட்டி சும்மா பட்டு உடையாத அளவு. தோண்டும் முன் தண்ணீர்க் குழாய், மின்கம்பி, எரிவாயு எங்கே போகின்றன என்று வீட்டு வரைபடத்தில் பாருங்கள். பல தரைவீடுகளின் பின்புறத்தில் கழிவுநீர்க் குழாயும் ஓடும். தெரியாத இடத்தில் கையால் மெதுவாகத் தோண்டுவது நல்லது.

திருப்பங்களில் செங்கோண முட்டி வைக்காமல் அகலமாக வளையும் வளைவு வையுங்கள். இழைக்குச் சட்டென்று மடிவது ஆகாது. கேபிளின் தடிமன்போல் பத்து மடங்குக்குக் குறையாத ஆரத்தில் வளையலாம், இழுக்கும்போது இருபது மடங்கு. 5 மில்லிமீட்டர் கேபிள் என்றால் முறையே 5, 10 சென்டிமீட்டர். முனையைப் பிடித்து இழுக்கக் கூடாது. உறைக்குள் மஞ்சள் நிறத்தில் நூல் மாதிரி இருக்குமே, பலம் தாங்குவது அதுதான். இழுக்கும் கயிற்றை அதில் கட்ட வேண்டும். முனைகளை பிளாஸ்டிக் சுற்றி மூடிவிட்டு இழுத்தால் தூசி ஏறாது. ஒளி போகும் வழியில் ஒரு தூசி உட்கார்ந்தாலே வேகம் தடுமாறும்.

நிலத்தடிக் குழாய்க்குள் எப்படியும் தண்ணீர் சேரும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள், நம் மழைக்கு அது தப்பாது. ஒருபக்கம் லேசாகச் சரிவு கொடுத்து, கட்டடத்துக்குள் நுழையும் முனை மேல்நோக்கி ஏறி நுழையும்படி வைத்து, வாயை அடைத்துவிடுங்கள். நடுவில் குழி வைத்து மூடி போட்டால் அந்தக் குழியில் தண்ணீர் தேங்கக் கூடாது. டெங்கிக் கொசுவுக்கு அவ்வளவு இடம் போதும், சோதனைக்கு வரும் அதிகாரிகள் திறந்து பார்க்கும் இடமும் அதுதான். எங்கள் வீட்டில் குழியே வைக்கவில்லை.

மின்கம்பி போகும் குழாயிலேயே இதையும் சொருகிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம், தனிக் குழாய் போடுங்கள். ஃபைபர் வழியாக மின்சாரம் அனுப்ப முடியாது, ஆகவே பின் அறையில் கன்வர்ட்டருக்கும் ஸ்விட்ச்சுக்கும் பிளக் வேண்டும். விளக்கும் மின்விசிறியும் இருக்கும் அறை என்றால் பிளக்கும் இருக்கும். புதிதாக மின்சாரம் இழுக்க வேண்டியிருந்தால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள், அதில் கைவைக்காதீர்கள். மின்கம்பி வழியாகவும் மின்னதிர்ச்சி வரக்கூடும் என்பதால், அவர் வந்திருக்கும்போதே மின்பெட்டியில் மின்னல் தடுப்பான் வைப்பதைப் பற்றியும் கேளுங்கள். கண்ணாடி போட்டதால் எல்லா வாசலும் அடைபட்டுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். மிகப் பெரிய வாசல் அடைபட்டது.

விளக்கு எரியவில்லை என்றால்

கேபிளை இழுத்து, இரண்டு முனையும் செருகி, கன்வர்ட்டர்களுக்கு மின்சாரம் கொடுத்ததும் ஃபைபர் இணைப்புக்கான சிறு விளக்கு இரண்டிலும் எரிய வேண்டும். எங்களுக்கு எரியவில்லை. மாமா முகம் வாடிவிட்டது. "உடைஞ்சுபோச்சா தம்பி?" என்றார்.

உடையவில்லை. இரட்டை இழையில் ஒன்று பேசும், ஒன்று கேட்கும். இங்கே பேசும் இழை அங்கே கேட்கும் துளைக்குப் போக வேண்டும். எங்கள் கேபிளில் பேசும் வாய் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு முனையில் மட்டும் இரண்டு செருகிகளையும் இடம் மாற்றியதும் பச்சை விளக்கு வந்துவிட்டது. பலருக்கு முதல் நாளில் நடப்பது இதுதான், அதனால் கேபிளைச் சந்தேகிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். அப்படியும் வராவிட்டால் முனைகளைச் சுத்தம் செய்யுங்கள், அதற்கென்று பேனா மாதிரிக் கருவி விற்கிறார்கள். ஒளி வருகிறதா என்று துளைக்குள் கண்ணை வைத்துப் பார்க்க மட்டும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, ஒன்றும் தெரியாது என்பதால் ஆபத்தில்லை என்று ஆகாது.

அப்புறம் மடிக்கணினியைப் பின் அறை ஸ்விட்ச்சில் நேராகச் செருகி வேகம் பார்த்தோம். கூடத்தில் வந்த அதே வேகம். 1 ஜிகாபிட் வர வேண்டிய இடத்தில் 100 மெகாபிட்டுக்குக் கிட்டவே நின்றால், குறை பெரும்பாலும் கண்ணாடியில் இருக்காது, இருபக்கமும் உள்ள சிறு ஈதர்நெட் கேபிளில் இருக்கும். எட்டுக் கம்பியில் ஒன்று சரியாகப் பதியாவிட்டாலும் வேகம் 100க்கு இறங்கிவிடும். அந்தக் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

குழாயை மூடும் முன், கேபிளோடு சேர்த்து ஒரு நைலான் கயிற்றையும் உள்ளே விட்டுவைத்தோம், பிறகு யாராவது இன்னொரு கேபிள் இழுக்க வேண்டியிருந்தால் உதவும். இரண்டு முனையிலும் சீட்டு ஒட்டச் சொன்னேன்: எங்கிருந்து எங்கே, என்ன வகை இழை, எத்தனை இழை, எந்த ஆண்டு போட்டது. மாமி வகுப்புக்கு வைத்திருந்த தடித்த பேனாவை எடுத்து, பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டும் அதே குண்டு எழுத்தில் எழுதிக் கொடுத்தார்: கூடம் – தோட்டத்து அறை, சிங்கிள்மோட், 4 இழை.